மாம்பூவில் சாம்பலா, கருகலா? மருந்தைத் தேர்வு செய்யும் முன் ஓர் ஒப்பீடு

மார்கழிக் கடைசியில் மா மொட்டு விட்டதும் தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் வரும் கேள்வி இதுதான்: இந்த வருஷம் பூவுக்கு என்ன அடிப்பது? கடையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒரு பூச்சிமருந்து, ஒரு பூஞ்சைமருந்து, ஒரு வளர்ச்சி ஊக்கி என மூன்றையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பூஞ்சைமருந்து நம் தோப்பில் இருக்கும் நோயைக் கேட்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. மாவில் பூவையும் பிஞ்சையும் அழிக்கும் பூஞ்சைநோய்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று சாம்பல் நோய், மற்றது ஆந்த்ராக்னோஸ் எனப்படும் கருகல் நோய். முன்னது மழையில்லாத வானிலையில் பெருகும், பின்னது ஈரத்தில் பெருகும். ஒன்றுக்கு நன்றாகக் கேட்கும் மருந்து மற்றதற்குப் பல நேரம் வெறும் தண்ணீர்தான். அதனால் மருந்துகளை ஒப்பிடுமுன் நோயைப் பிரித்தறிய வேண்டும். அதில் தவறினால் பின்னால் எவ்வளவு செலவு செய்தாலும் பலன் இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும்

காலை பனி காய்ந்த பிறகு, மரத்தின் நாலு பக்கத்திலிருந்தும் உட்புறத்திலிருந்தும் பத்துப் பூங்கொத்தாவது ஒடித்துப் பாருங்கள். சாம்பல் நோயென்றால் பூக்காம்பிலும் மொட்டிலும் கோலமாவு தூவியதுபோல வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். கட்டைவிரலால் துடைத்தால் பொடி கையோடு வந்துவிடும், அடியில் காம்பு இலேசாகப் பழுப்பேறியிருக்கும். இந்தப் பூஞ்சையின் பெயர் ஒயிடியம். இது தாவரத்தின் மேல்தோலில் படர்ந்துகொண்டு, உறிஞ்சும் உறுப்பை மட்டும் தோல் செல்லுக்குள் செலுத்தி உணவெடுக்கிறது. உடல் முழுதும் வெளியில்தான் கிடக்கிறது. அதனால்தான் விரலால் துடைக்க முடிகிறது, கந்தகம் போன்ற எளிய மருந்தாலும் அதைத் தொட முடிகிறது. தளிர் இலையின் அடிப்பக்கத்திலும் இதே பொடி இருக்கும், இலை சுருண்டு ஊதா கலந்த பழுப்பாக மாறும். பிஞ்சு மிளகு அளவிலும் பட்டாணி அளவிலும் கொட்டும். தப்பி நிற்கும் பிஞ்சின் தோல் சொரசொரப்பாகிவிடும்.

கருகல் நோயில் பொடி இருக்காது. பூக்காம்பில் குண்டூசித் தலையளவு கறுப்புப் புள்ளிகள் முதலில் தோன்றும். ஈரம் தொடர்ந்தால் அவை நீண்டு ஒன்றோடொன்று சேர்ந்து, காம்பு கறுத்து, பூ தீய்ந்ததுபோலக் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இளம் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து, பிறகு அந்த இடம் உதிர்ந்து ஓட்டை விழும். பிஞ்சில் கறுப்புப் புள்ளி, முற்றிய காயில் காம்பிலிருந்து கீழ்நோக்கிக் கண்ணீர் வழிந்ததுபோலக் கோடு கோடாகக் கறுப்பு. இதற்குக் காரணம் கொலட்டோட்ரைகம் என்ற பூஞ்சை.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. புள்ளி விழுந்த காம்புத் துண்டுகள் நாலைந்தை, நனைத்துப் பிழிந்த காகிதத்தின் மேல் வைத்து, பாலித்தீன் பையில் போட்டுக் காற்றுப் போகாமல் கட்டி, வெயில் படாத இடத்தில் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் கறுத்த இடத்தின் மேல் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் கலந்த பசைத் துளிகள் ஊறி நின்றால் அது கருகல் நோய்தான். அந்தத் துளிக்குள் இருப்பவை பூஞ்சையின் வித்துகள். மழைத்துளி பட்டுத் தெறித்து அடுத்த கொத்துக்குப் போவது அவைதான்.

மூன்றாவதாக ஒன்று இந்த இரண்டோடும் சேர்த்துக் குழப்பப்படுகிறது. இலை, பூ எல்லாம் கரி பூசியதுபோலக் கறுத்திருக்கும், பார்த்தவுடன் பெரிய நோய்போலத் தோன்றும். துடைத்தால் கறுப்பு ஏடு உரிந்துவந்து, அடியில் இலை பச்சையாக ஆரோக்கியமாகவே இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், எறும்பு ஊரும். இது கரும்பூசணம். தத்துப்பூச்சி வெளியேற்றும் தேன் போன்ற கழிவின் மேல் வளர்வது, மரத்துக்குள் நுழைவதில்லை. கொத்தை உலுக்கினால் தத்துப்பூச்சிகள் சடசடவென இலையில் மோதிப் பறப்பதைக் காதாலேயே கேட்கலாம். இதற்குப் பூஞ்சைமருந்து வாங்குவது வீண் செலவு. தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்திவிட்டு, ஒரு கிலோ மைதாவை ஐந்து லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்து, வடிகட்டி, 20 லிட்டராக்கித் தெளித்தால் போதும். வெயிலில் கஞ்சி காய்ந்து உரியும்போது கறுப்பு ஏட்டையும் இழுத்துக்கொண்டு உதிர்ந்துவிடும். மேகமூட்டமான நாளில் இதைச் செய்யக்கூடாது. கஞ்சி காயாமல் இலையிலேயே நின்றால் அதன் மேலும் பூசணம் வளரும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மாவில் நூறு பூவுக்கு ஒரு காய்கூடக் கடைசிவரை நிற்பதில்லை, அது மரத்தின் இயல்பு. பூ உதிர்கிறது என்பதை மட்டும் வைத்து நோயென்று முடிவு கட்டக்கூடாது. பொடியோ புள்ளியோ கண்ணில் பட வேண்டும்.

சாம்பல் நோய்க்கு: கந்தகமா, ஹெக்சகோனசோலா, கார்பன்டசிமா, அசாக்ஸிஸ்ட்ரோபினா?

இரவில் குளிர், விடியலில் பனி, பகலில் மழையில்லாத இதமான வெயில். தை மாதத்துக் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திண்டுக்கல் தோப்புகளின் வானிலை இதுதான். சாம்பல் நோய்க்கும் இதுவே வேண்டும். மற்றப் பூஞ்சைகளைப் போல இதன் வித்து முளைக்கத் தண்ணீர்ப் படலம் தேவையில்லை, காற்றிலுள்ள ஈரப்பதமே போதும். நல்ல மழை பெய்தால் வித்துகள் கழுவுண்டு போகும். வகைகளில் அல்போன்சா இதற்குச் சீக்கிரம் ஆட்படும். அது நிற்கும் தோப்பில் முதலில் அந்த மரங்களைத்தான் பார்க்க வேண்டும்.

முதல் தெளிப்புக்கு எங்கள் தேர்வு நனையும் கந்தகம். 80 சதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கலக்க வேண்டும். பத்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மரம், வளர்ந்த மரத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 480 லிட்டர் தண்ணீர், ஏறக்குறைய ஒரு கிலோ கந்தகம். நாம் இங்கே ஒப்பிடும் நாலு மருந்துகளில் விலை குறைந்தது இதுதான். பூஞ்சையின் பல இயக்கங்களை ஒரே நேரத்தில் தாக்குவதால், பூஞ்சைக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் உருவாகும் பயம் இல்லை. ஆண்டாண்டாக அடித்தாலும் கேட்கும். இயற்கைவழிச் சாகுபடியிலும் அனுமதிக்கப்படுவது.

கந்தகத்தின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது படும் இடத்தில் மட்டுமே வேலை செய்யும், கொத்துக்குள் ஊடுருவாது. ஓரளவு ஆவியாகிப் பரவித்தான் பூஞ்சையைக் கொல்கிறது. அதற்கு வெப்பம் வேண்டும். 20 டிகிரிக்குக் கீழே வேகம் குறைந்துவிடும், 35 டிகிரியை நெருங்கினால் இளந்தளிரையும் பூவையும் சுட்டுவிடும். ஆக, மார்கழி தை மாதங்களில் வெயில் ஏறத் தொடங்கும் காலை நேரம் இதற்கு ஏற்றது. பங்குனி வெயிலில் இதைத் தொடக்கூடாது. வேப்பெண்ணெய் உட்பட எந்த எண்ணெயை அடித்திருந்தாலும் இரண்டு வாரம் கழித்தே கந்தகம் அடிக்க வேண்டும், கந்தகம் அடித்த பின்பும் அதே இடைவெளி வேண்டும். இரண்டும் சேர்ந்தால் தளிர் கருகும்.

கந்தகத்தை மாவுத்தூளாகவே தூவும் பழைய வழக்கமும் இருக்கிறது. மரத்துக்கு அரைக் கிலோ, அதிகாலைப் பனியீரத்தில் தூவ வேண்டும். தண்ணீர் கிடைக்காத மலையடிவாரத் தோப்புக்கு அது உதவும். மற்றவர்களுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம். ஏக்கருக்கு ஒரு கிலோவில் முடிவது இருபது கிலோவாகிறது, தூவும் ஆளின் கண்ணும் மூச்சும் படும் பாடு வேறு.

ஹெக்சகோனசோல் 5 இ.சி. (5 சதத் திரவ வடிவம்), லிட்டருக்கு 1 மி.லி. இது இலைக்குள் ஊடுருவிச் செல்லும் மருந்து. நோய் தொற்றி இரண்டு மூன்று நாள் ஆனபின் அடித்தாலும் வளர்ச்சியைத் தடுக்கும். கந்தகத்தால் முடியாத வேலை இது. பொடி ஏற்கெனவே தெரியத் தொடங்கிவிட்ட தோப்பில் இதிலிருந்து தொடங்குவதுதான் சரி. ஆனால் பூஞ்சையின் ஒரே ஒரு இயக்கத்தைத்தான் இது தடுக்கிறது. ஒரு பருவத்தில் மூன்று முறையும் இதையே அடித்தால், தாக்குப்பிடித்த வித்துகள் மட்டும் பெருகி, சில ஆண்டுகளில் மருந்து கேட்காமல் போகும். பருவத்துக்கு ஒருமுறை, அதிகம் போனால் இரண்டு முறை.

கார்பன்டசிம் 50 சதம், லிட்டருக்கு 1 கிராம். மலிவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும், சாம்பல் கருகல் இரண்டுக்கும் பரிந்துரையில் உள்ளது. அதனாலேயே அளவுக்கு மீறி அடிக்கப்பட்டு வந்திருக்கிறது. எதிர்ப்புத்திறன் மிக எளிதாக உருவாகும் குழு இது. கொலட்டோட்ரைகம் இக்குழு மருந்துகளுக்கு மசியாமல் போனது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த முறை கார்பன்டசிம், அடுத்த முறை தயோபனேட் மீத்தைல் என்று மாற்றி அடித்துவிட்டு, சுழற்சி செய்துவிட்டோம் என்று நினைப்பார்கள். தயோபனேட் மீத்தைல் செடிக்குள் போனதும் கார்பன்டசிமாகத்தான் மாறுகிறது. டப்பா மாறுகிறதே தவிர மருந்து மாறவில்லை. இதை முதல் தேர்வாக வைக்க வேண்டாம். பிஞ்சுப் பருவத்தில் எதிர்பாராத மழை வந்து, வேறு வழியில்லாதபோது, மான்கோசெப் என்ற கருகல் மருந்துடன் (கீழே வருகிறது) சேர்த்து ஒருமுறை அடிக்கலாம், அவ்வளவே. ஏற்றுமதிக்குப் போகும் பழமானால் அதுவும் வேண்டாம்.

அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 எஸ்.சி. (23 சதத் திரவ வடிவம்), லிட்டருக்கு 1 மி.லி. சாம்பல், கருகல் இரண்டையும் ஒரே தெளிப்பில் தடுக்கும். நாலில் விலை கூடியது. வித்து முளைப்பதைத் தடுப்பதுதான் இதன் பலம், ஆகவே நோய்க்கு முன்னால் அடித்தால்தான் கொடுத்த காசுக்குப் பலன். பொடி படர்ந்த பிறகு அடித்துவிட்டு ‘விலை கூடின மருந்தும் கேட்கவில்லை’ என்று வருந்துவதில் நியாயமில்லை. எதிர்ப்புத்திறன் ஆபத்து இதற்கும் அதிகம். பருவத்துக்கு ஒருமுறை போதும்.

பழைய கையேடுகளை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முதல் தெளிப்பு கந்தகம், இரண்டாவது ட்ரைடெமார்ஃப், மூன்றாவது டினோகாப் என்ற அட்டவணை நெடுங்காலம் நாடு முழுவதும் சொல்லப்பட்டு வந்தது. ட்ரைடெமார்ஃப் 2018-லும், டினோகாப் 2023-லும் இந்தியாவில் தடைசெய்யப்பட்டுவிட்டன. பழத்தை முக்கி எடுக்கச் சொன்ன பெனோமில் மருந்துக்கும் 2018-லேயே தடை வந்தது. பழைய அட்டவணையில் இன்று மிஞ்சியிருப்பது கந்தகம் மட்டுமே. எங்கேனும் பழைய சரக்கு கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

கருகல் நோய்க்கு: மருந்துக்கு முன் அரிவாள்

கருகல் நோய்க்குக் கணக்கு வேறு. இலையும் பூவும் தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நனைந்திருக்க வேண்டும், வெப்பம் 25 முதல் 30 டிகிரி இருக்க வேண்டும். பூக்காலத்தில் எதிர்பாராத மழை வந்தாலோ, மூடுபனி நெடுநேரம் நின்றாலோ, மரத்தின் உட்புறம் காற்றுப் புகாமல் அடைத்துக் கிடந்தாலோ இது நடக்கும். மழை நம் கையில் இல்லை, மரத்தின் உட்புறம் நம் கையில் இருக்கிறது. அதனால் இந்த நோய்க்குச் செலவழிக்க ஒரு தொகைதான் இருக்கிறதென்றால், அதை முதலில் கவாத்துக்கூலிக்குக் கொடுங்கள்.

அறுவடை முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்ய வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று சொல்கிறது. ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை, நோயுற்றதும் காய்ந்ததும் எடுக்கப்பட வேண்டும். நண்பகலில் மரத்தடியில் நின்றால் நிழலுக்கு நடுவே அங்கங்கே வெயில் வட்டம் விழுந்திருக்க வேண்டும். விழவில்லையென்றால் இன்னும் எடுக்க வேண்டியது இருக்கிறது. காய்ந்த சுள்ளியையும் சென்ற ஆண்டின் கறுத்த பூக்காம்பையும் மட்டும் ஆண்டுதோறும் ஒடித்து அப்புறப்படுத்துங்கள். அடுத்த பருவத்து வித்துகள் தங்கியிருப்பது அதில்தான். வெட்டியதைத் தோப்பிலேயே குவித்துவைப்பது செய்த வேலையைக் கெடுப்பதாகும். கட்டைவிரலைவிடத் தடித்த வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸி குளோரைடு என்ற செம்பு மருந்தைப் பசையாகக் குழைத்துப் பூசுங்கள்.

மருந்துக்கு வந்தால், பூக்கும் முன் அடிப்பதற்குச் செம்பு மருந்துகள். காப்பர் ஆக்ஸி குளோரைடு 50 சதம் லிட்டருக்கு 2.5 முதல் 3 கிராம், அல்லது 1 சதப் போர்டோ கலவை. இரண்டில் எது? ஒட்டும் தன்மையில் போர்டோ கலவைதான் மேல், மழைக்குச் சுலபத்தில் கழுவுண்டு போகாது. ஆனால் அன்றன்றே தயாரித்து அன்றே தீர்க்க வேண்டும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு கிலோவை 50 லிட்டரிலும், நல்ல சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோவை நீற்றி இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே வர வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. துரு நீக்கிய சாதாரண இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அதில் முக்கி எடுத்தால் கத்தியில் செந்நிறம் படியக்கூடாது. படிந்தால் துத்தம் கூடுதல் என்று பொருள், இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். பழைய, காற்றுப்பட்டுப் பொடிந்த சுண்ணாம்பை வாங்கினால் எப்போதும் இந்தத் தவறு நேரும், இலை கருகும். வேலைக்கு ஆள் குறைவான தோப்புக்குக் காப்பர் ஆக்ஸி குளோரைடே நல்லது. இரண்டில் எதையும் மலர்ந்த பூவில் அடிக்கக்கூடாது, பூ கருகும். சாம்பல் நோய்க்கு இவற்றை நம்பவும் கூடாது.

மான்கோசெப் 75 சதம், லிட்டருக்கு 2 முதல் 2.5 கிராம். கருகல் நோயைத் தடுக்கும், எதிர்ப்புத்திறன் பயமில்லை, விலையும் ஏற்றதுதான். ஆனால் சாம்பல் நோய்க்கு இதனால் பயனே இல்லை. வெள்ளைப் பொடி படர்ந்த தோப்பில் மான்கோசெப் அடித்துவிட்டுப் பத்து நாள் காத்திருப்பதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. அந்தப் பத்து நாளில் கொத்து முழுவதும் போய்விடும்.

சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 5 கிராம் என்று உயிரியல் முறையும் இருக்கிறது. வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கென எஃப்.பி.7 என்ற ரகத்தையே பரிந்துரைக்கிறது. பூக்கிளைகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக ஐந்து முதல் ஏழு தெளிப்பு. தடுக்கும் சக்தி உண்மையிலேயே உண்டு. தடை கூலியில்தான். 40 மரத்துக்கு ஏழு தெளிப்பு என்பது சிறு தோப்புக்குக் கட்டுப்படியாகும், பத்து ஏக்கருக்குக் கடினம். இதை எடுத்துக்கொண்டவர்கள் பாதியில் செம்பு மருந்தை அடிக்கக்கூடாது, அது பாக்டீரியாவைக் கொன்றுவிடும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், நாள் தள்ளிய பொட்டலத்தில் மிஞ்சுவது டால்க் தூள் மட்டுமே. மாலையில் அடியுங்கள்.

எப்போது என்பதே பாதி மருந்து

முதல் தெளிப்பு பூங்கொத்து எட்டு முதல் பத்து செ.மீ. நீண்டு, மொட்டுகள் இன்னும் திறக்காத நிலையில். மலர்ச்சி முழுமையாக இருக்கும் நாட்களில் எதையும் அடிக்காமல் விடுவதே நல்லது. மாவில் மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பவை பெரும்பாலும் ஈக்கள், கூடவே தேனீக்கள். அந்த நேரம் பூஞ்சைமருந்தோடு பூச்சிமருந்தையும் கலந்து அடித்தால் நோய் நின்றாலும் காய் பிடிக்காது. இரண்டாவது தெளிப்பு பிஞ்சு மிளகு, பட்டாணி அளவில். மூன்றாவது அதிலிருந்து பதினைந்து நாளில், கோலிக்குண்டு அளவில், தேவைப்பட்டால் மட்டும்.

பூ ஒரே சீராக வந்தால் இது எளிது. ஆனால் ஒரே மரத்தில் ஒரு பக்கம் பிஞ்சாகவும் மறுபக்கம் மொட்டாகவும் இருக்கும் ஆண்டுகள் உண்டு. அப்போது நாள்கணக்கை விட்டுவிட்டு, பெரும்பான்மைக் கொத்து எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கு அடியுங்கள். பின்னால் வரும் கொத்துகளில் பொடி தெரிந்தால் அந்தக் கிளைகளுக்கு மட்டும் தனியாகத் தெளித்தால் போதும்.

எதை எப்போது என்று வானிலையைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். பனியும் வெயிலுமாகப் பருவம் போனால் முதல் தெளிப்புக் கந்தகம், இரண்டாவது ஹெக்சகோனசோல், மூன்றாவது மீண்டும் கந்தகம் அல்லது ஒன்றுமில்லை. நடுவில் மழை பெய்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. சாம்பல் தணியும், கருகல் கிளம்பும். இரண்டாவது தெளிப்பை அசாக்ஸிஸ்ட்ரோபினாக மாற்றுங்கள். கந்தகம் அடித்த அன்றே மழை வந்து கழுவிவிட்டால் அதையே மறுபடி அடிக்க ஓட வேண்டாம். மழை ஓய்ந்தபின் கொத்தைப் பார்த்து, புள்ளி இருக்கிறதா பொடி இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு அடியுங்கள்.

கிருஷ்ணகிரிப் பக்கம் கூழ் ஆலைக்கே பெங்களூரா காய் அனுப்பும் தோப்பானால், இரண்டு தெளிப்புக்கு மேல் செலவழிப்பது பெரும்பாலும் திரும்பாது. கந்தகமும் ஹெக்சகோனசோலும் போதும், தோலில் நாலு புள்ளி இருப்பதால் கூழுக்குப் பெரிய இழப்பில்லை. அதே மாவட்டத்தில் அல்போன்சாவோ, சேலத்தில் இமாம்பசந்த், மல்கோவாவோ பழமாக விற்பவருக்கு ஒவ்வொரு புள்ளியும் விலை. அவர்கள் கவாத்தும், அசாக்ஸிஸ்ட்ரோபின் ஒரு தெளிப்பும், கீழே சொல்லும் வெந்நீர் முறையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நீலம் ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது, மழையும் இரண்டு பருவத்திலும் உண்டு. அங்கே சாம்பலைவிடக் கருகலே முதல் எதிரி, ஆகவே பூக்கும் முன் செம்பு, பிஞ்சில் மான்கோசெப் என்பதே பொருந்தும்.

மரத்தில் தெரியாமல், பழுக்கும்போது வெளிவரும் நோய்

கருகல் நோயில் பலரையும் திகைக்க வைப்பது இதுதான். காய் பறிக்கும்போது பளிச்சென்று இருக்கும். பழுக்க வைத்த நாலாம் நாள் கறுப்பு வட்டங்கள் விழுந்து அமுங்கும். பழுக்க வைத்த அறையைக் குறை சொல்வார்கள். ஆனால் தொற்று நடந்தது பிஞ்சிலேயே. வித்து முளைத்துத் தோலுக்கடியில் நுழைந்து அப்படியே உறங்கிக்கிடக்கும். பச்சைக் காயின் தோலிலுள்ள இயற்கையான எதிர்ப்புப் பொருள்கள் அதை வளரவிடாமல் வைத்திருக்கும். பழுக்கும்போது அவை குறைய, பூஞ்சை விழித்துக்கொள்ளும். ஆகவே அறுவடைக்கு முந்தைய வாரம் அவசரமாக மருந்தடிப்பதால் உறங்கும் தொற்று போகாது. எச்சம்தான் பழத்தில் மிஞ்சும்.

உறங்கும் தொற்றைத் தொடுவது வெந்நீர். 52 டிகிரி செல்சியஸ், 10 நிமிடம். பறித்து ஒரு நாளுக்குள், பால் வடித்துக் கழுவிய, நன்கு முற்றிய காயாக இருக்க வேண்டும். இளங்காயை வெந்நீரில் போட்டால் தோல் வெந்து சுருங்கும், பழுக்கும்போது சீராக நிறம் ஏறாது. 55 டிகிரியைத் தாண்டினால் முற்றிய காயும் வேகும். 50-க்குக் கீழே போனால் பூஞ்சை சாகாது. இடைவெளி இவ்வளவு குறுகியது என்பதால் கையை விட்டுச் சூடு பார்ப்பதெல்லாம் உதவாது. நல்ல வெப்பமானி ஒன்று கட்டாயம் வேண்டும், அதையும் அடுப்புச் சூடு படும் அடிப்பக்கத்தில் வைக்காமல் கூடைக்கு நடுவில் தொங்கவிட வேண்டும்.

பெரிய வசதி இல்லாதவர்கள் 200 லிட்டர் டிரம்மில் இதைச் செய்யலாம். 100 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ காய்க்கு மேல் இறக்காதீர்கள். 28 டிகிரியில் இருக்கும் காய் உள்ளே போனதும் தண்ணீரின் சூடு சில டிகிரி இறங்கும். அதனால் 53, 54-ல் தொடங்கி, 52-க்கு வந்ததும் அடுப்பைத் தூண்டி அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். காய் மிதக்கும், துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் போட்டு மேலே இன்னொரு கூடையைக் கவிழ்த்து அமுக்கி வைக்க வேண்டும். இடையிடையே கழியால் தண்ணீரைக் கலக்கிவிடாவிட்டால் மேலே 54, கீழே 49 என்று நிற்கும். பத்து நிமிடம் ஆனதும் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் சற்று நேரம் முக்கி, நிழலில் ஈரம் உலர்த்தி, அதன் பிறகே பழுக்க வைக்க வேண்டும். ஈரத்தோடு அடுக்கினால் செய்ததெல்லாம் போச்சு. காம்புப் பக்கத்திலிருந்து தொடங்கும் அழுகல் வேறொரு பூஞ்சையால் வருவது. அதை வெந்நீர் முழுதாகத் தடுக்காது, ஒரு செ.மீ. காம்போடு பறிப்பதுதான் அதற்கு முதல் காப்பு.

சரியான மருந்தும் ஏன் கேட்பதில்லை

பெரும்பாலும் தண்ணீர் பற்றாமைதான். மரத்துக்குப் பன்னிரண்டு லிட்டர் வேண்டிய இடத்தில் ஐந்து லிட்டரில் முடித்துவிட்டு, அதை ஈடுகட்ட மருந்தை இரட்டிப்பாகக் கலப்பார்கள். பூ கருகும், உச்சிக் கொத்துக்கு மருந்தே போயிருக்காது. முதுகில் மாட்டும் கைத்தெளிப்பானால் வளர்ந்த மரத்தின் உச்சியை எட்ட முடியாது. ராக்கர் தெளிப்பானோ பவர் ஸ்பிரேயரோ வாடகைக்கு எடுங்கள். முதலில் மரத்தின் உட்புறம், பிறகு உச்சி, கடைசியில் வெளிப்புறம் என்று அடித்தால் எந்தப் பக்கமும் விடுபடாது.

கந்தகத் தூளை நேரே டிரம்மில் கொட்டாதீர்கள். ஒரு வாளியில் சிறிது தண்ணீர் விட்டுக் குழம்பாகக் கரைத்து, துணியில் வடித்து ஊற்றி, அடிக்கும்போது ஒரு ஆள் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் மரத்துக்குத் தெளிநீரும் கடைசி மரத்துக்கு வண்டலும் போகும், நாசிலும் அடைக்கும். ஒட்டும் திரவம் லிட்டருக்கு அரை மி.லி. சேருங்கள். முகக்கவசம், கண்ணாடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் யாரையும் மருந்தடிக்க விடாதீர்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன் நிறுத்த வேண்டும் என்பது ஒவ்வொரு மருந்துக்கும் மாறும், டப்பாவிலிருக்கும் சீட்டில் எழுதியிருப்பதே கணக்கு.

தெளித்து முடித்த அன்றே எட்டடி உயரத்துக்கு மேலுள்ள ஒரு கொத்தை ஒடித்து, உட்புறக் காம்பில் மருந்துத் தடம் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தடம் இல்லையென்றால் அந்த மரத்துக்கு அன்று மருந்தடிக்கவே இல்லை என்று எடுத்துக்கொண்டு, ஆட்கள் வீடு திரும்புமுன் மறுபடி அடிக்கச் சொல்லுங்கள்.